ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டது: தர்ஷன் முனிதாச மாதிரி ஆக என்ன வழி?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து ஏ.எல். முடித்திருக்கிறீர்கள். தர்ஷன் முனிதாச மாதிரி பெயரெடுத்த செஃப் ஆக வேண்டும், சொந்தமாக ஒரு ரெஸ்டோரண்ட் நடத்த வேண்டும் என்பது ஆசை. ஹோட்டல் ஸ்கூல் போவதா, நேரே வேலையில் சேர்வதா, கொழும்பா மலைநாடா என்று கேட்கிறீர்கள். "சமையல் வேலைக்குப் போகவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று அம்மா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். என் வேலைக்காலம் பெரும்பாலும் மலைநாட்டு ஹோட்டல் கிச்சன்களில் கழிந்தது. இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரே ஆசையாகக் கேட்டிருப்பது உண்மையில் மூன்று தொழில்கள். நன்றாகச் சமைப்பது ஒன்று. கடையை நட்டப்படாமல் நடத்துவது இன்னொன்று. ஊரறியப் பெயர் வாங்குவது மூன்றாவது. பணமும் காணியும் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர் இந்த மூன்றையும் இந்த வரிசையில்தான் பிடிக்க முடியும். வரிசையை மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அதிகம் பேருக்குக் கடன்தான் மிஞ்சியது.

சரி, முனிதாசவின் கதைக்கு வருவோம். அவர் டோக்கியோவில் பிறந்தவர். அப்பா இலங்கையர், அம்மா ஜப்பானியர். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படித்தார். எந்தச் சமையல் பள்ளிக்கும் போனதில்லை. அங்கே கிடைத்த சாப்பாடு பிடிக்காமல் தானே சமைக்கத் தொடங்கியவர். இதைக் கேட்டதும் "அப்போ ஸ்கூல் தேவையில்லையே" என்று சந்தோஷப்பட வேண்டாம். நல்ல ஜப்பானியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே அவர் நாக்குக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1995-ல் கொழும்பில் நிஹொன்பாஷி என்ற ஜப்பானிய ரெஸ்டோரண்டைத் திறந்தார். அது எப்படிப்பட்ட காலம் என்று உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது. 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தின் பக்கம் வெடித்தது. இரண்டும் அவருடைய கடையிலிருந்து அதிக தூரமில்லை. உல்லாசப் பயணிகள் வராத நகரத்தில், பச்சை மீன் பரிமாறும் கடையை அவர் நடத்திக்கொண்டிருந்தார். அவரை உலகம் அறிய வைத்த மினிஸ்ட்ரி ஒஃப் க்ரேப் என்ற நண்டு ரெஸ்டோரண்ட் திறந்தது 2011 டிசம்பரில். போர் முடிந்து இரண்டரை வருடம் கழித்து, கொழும்புக் கோட்டையில் புதுப்பிக்கப்பட்ட பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில். முதல் கடைக்கும் இந்தக் கடைக்கும் நடுவே 16 வருடம். பேட்டிகளில் இந்தப் பதினாறு வருடத்தை யாரும் விரிவாகக் கேட்பதில்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது அதுதான். பொருள் வாங்க, ஆட்களைப் பழக்க, கணக்குப் பார்க்க, கெட்ட காலத்தில் கடையைத் தாங்கிப் பிடிக்க என்று எல்லாவற்றையும் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

மினிஸ்ட்ரி ஒஃப் க்ரேபில் அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலங்கைக் களப்பு நண்டு சிங்கப்பூரில் பெயர் பெற்ற பொருள். அங்கே சில்லி க்ரேபுக்கு நம் நண்டைத் தேடி வாங்குவார்கள். நல்ல நண்டெல்லாம் கப்பலேறிவிட, இங்கே மிச்சம்தான் கிடைத்தது. அந்த நல்ல நண்டை இங்கேயே பரிமாறுவது என்பதுதான் கடையின் முழு யோசனையும். மெனு பெரிதில்லை. நண்டும் இறாலும்தான் ஆதாரம். நண்டை நிறைப்படி பிரித்து, அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் வைத்தார். சமையலறையில் ஃப்ரீசர் இல்லை. அதாவது அன்றைக்கு வந்த பொருளை அன்றைக்கே விற்க வேண்டும், இல்லாத அளவை "இல்லை" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். இது துணிச்சலான முடிவு. சுவைக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. பழைய ஸ்டொக் என்று ஒன்று சேரவே சேராது.

கூட்டாளிகள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும். ஆரம்பத்தில் கூட்டம் வந்ததற்கு அவர்கள் பெயரும் ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிரிக்கெட் வீரரைப் பார்க்க வந்தவர் இரண்டாம் தடவை நண்டுக்காகத்தான் வருவார். 2013-ல் ஆசியாவின் 50 சிறந்த ரெஸ்டோரண்ட் பட்டியல் முதல் தடவையாக வந்தபோதே நிஹொன்பாஷி அதில் இருந்தது. 2015 முதல் மினிஸ்ட்ரி ஒஃப் க்ரேபும் இடம்பிடித்தது. அப்புறம் ஷாங்காய், மும்பை, மாலைதீவு என்று கிளைகள் திறந்தார்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன். உங்களுக்கு முனிதாசவை விட இவர் பொருத்தமான உதாரணம். பப்லிஸ் சில்வா. 1956-ல் மவுன்ட் லவினியா ஹோட்டலில் கடைநிலை வேலையாளாகச் சேர்ந்தவர். வெளிநாட்டுப் படிப்பு இல்லை, குடும்பப் பின்னணியும் இல்லை. அதே ஹோட்டலின் தலைமைச் செஃப் ஆனார். அறுபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். சிங்களத்தில் சமையல் புத்தகங்கள் எழுதினார், தொலைக்காட்சியில் வந்தார், கௌரவ டொக்டர் பட்டமும் பெற்றார். கிராமத்துச் சமையலை, பழைய அரிசி வகைகளை, மூலிகைக் கஞ்சிகளை ஐந்து நட்சத்திர மேசைக்குக் கொண்டுவந்ததுதான் அவருடைய பெரிய வேலை. இவர் சொந்தக் கடை வைக்காமலே நாடறிந்த செஃப் ஆனார் என்பதையும் கவனியுங்கள். முதலாளி ஆனால்தான் வெற்றி என்று இந்தத் தொழிலில் சட்டமில்லை.

இனி அம்மாவின் கேள்வி. அதைச் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டங்களிலிருந்து எத்தனை பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கூட்டிப் போனார்கள் என்று அம்மாவின் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். கடை மூடியபிறகு அரிசி மூட்டைமேல் படுத்துறங்கி, தீபாவளிக்கு மட்டும் வீட்டுக்கு வந்த பையன்கள் அவர்கள். சம்பளம் எவ்வளவு என்றே தெரியாமல் வேலை செய்தவர்கள் உண்டு. "சமையல் வேலை" என்றதும் அம்மாவின் மனக்கண்ணில் வருவது அந்தக் காட்சிதான். அவருடைய பயம் நியாயமானது. அதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள், கடிதத்தால் சொல்லுங்கள். நியமனக் கடிதம் கொடுக்கிற இடத்தில் மட்டும் சேருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் பில்லோடு சேரும் 10 வீத சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். சீசன் நன்றாக இருந்தால் அது அடிப்படைச் சம்பளத்தையே எட்டிவிடும், சில மாதம் தாண்டியும் போகும். இதையெல்லாம் தாளில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள்.

ஹோட்டல் ஸ்கூல் பற்றி: போங்கள். 1964-ல் தொடங்கிய இலங்கை ஹோட்டல் ஸ்கூல்தான் இன்று சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம். அதற்குப் பண்டாரவளையிலும் கண்டியிலும் கிளைகள் இருக்கின்றன, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சான்றிதழ்த் தரத் தொழில்முறைச் சமையல் பாடநெறியிலிருந்து தொடங்கலாம். அதற்கும் முடியாவிட்டால் நைட்டா என்ற அரசாங்கப் பயிற்சி நிறுவனம் மூலம் ஹோட்டலில் பயிலுநராகச் சேர்ந்து என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தனியார் நிலையங்களில் சேரும் முன் அவர்கள் தரும் சான்றிதழ் என்.வி.கியூ. தரத்தில் பதிவானதா என்று விசாரியுங்கள். வெளிநாடு போகும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ஸ்கூலில் கத்தி பிடிக்க, ஸ்டொக் (எலும்பு, மரக்கறிச் சாறு) காய்ச்ச, மதர் சோஸ் (மற்ற சோஸ்களுக்கு அடிப்படையானது) செய்ய, சுகாதாரம் பேணச் சொல்லித்தருவார்கள். அவர்கள் சொல்லித்தராத இரண்டை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஒன்று சிங்களம். ஹோட்டல் கிச்சனில் ஓர்டர் ஆங்கிலத்தில் வரும், மற்றதெல்லாம் சிங்களத்தில் நடக்கும். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் பலர் கைத்திறமை இருந்தும் கொமியாகவே, அதாவது கிச்சனின் கீழ்ப்படி உதவியாளராகவே, நின்றுவிடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். செக்‌ஷனை நடத்த வேண்டியவர் வாய் திறக்கத் தயங்கினால் டெமி (துணைப் பொறுப்பாளர்), சி.டி.பி. (பிரிவுப் பொறுப்பாளர்) என்று அடுத்த படி கிடைக்காது. இரண்டாவது, மலையின் இயல்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94-லேயே கொதித்துவிடும். பருப்பும் இறைச்சியும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். குளிரில் மா புளிக்கவும் நேரம் பிடிக்கும். கொழும்பில் எழுதிய ரெசிப்பியை அப்படியே கொண்டுவந்து கலியாணச் சாப்பாட்டன்று திணறிய பெரிய செஃப்மார் இருக்கிறார்கள். நீங்கள் மலையில் வளர்ந்தவர், இது உங்களுக்குப் பழகிய விஷயம். ஏன் அப்படி என்ற காரணத்தையும் தெரிந்துகொண்டால் கொழும்பிலும் டுபாயிலும் உதவும்.

முதல் வருடம் மரக்கறி சீவுவீர்கள், பாத்திரம் பார்ப்பீர்கள், கூல் ரூமைக் கழுவுவீர்கள். அதற்குப் பின் ஒரே செக்‌ஷனில் தங்கிவிடாதீர்கள். பேன்ட்ரி (சாலட் போன்ற குளிர் உணவு), ஹொட் கிச்சன், புச்சரி (இறைச்சி வெட்டும் பகுதி), பேக்கரி என்று சுற்றி வரக் கேளுங்கள். நுவரெலியா க்ரேண்ட் ஹோட்டல் மாதிரி விருந்தும் உணவகமும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற இடமானால் மிக நல்லது. கந்தப்பொலையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். காசல்ரீ, பொகவந்தலாவைப் பக்கம் துரைமார் பங்களாக்கள் டீ ட்ரெய்ல்ஸ் என்ற பெயரில் விருந்தினர் இல்லங்களாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட சின்ன கிச்சனில் வேறு பாடம் கிடைக்கும். ஒவ்வொரு விருந்தினரின் முகம் பார்த்துச் சமைக்க வேண்டும். நாலைந்து வருடம் இங்கே, அப்புறம் மாலைதீவோ வளைகுடாவோ சில வருடம். அங்கே போவது வெறும் சம்பளத்துக்காக இல்லை. நாளைக்குக் கடை போட உங்கள் கையில் முதலீட்டுப் பணம் சேர அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலீடு என்றதும் நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கொழும்பிலோ காலியிலோ ஒரு பையன் கடை தொடங்க நினைத்தால் அப்பாவின் வீட்டு உறுதிப்பத்திரத்தை வங்கியில் வைத்து லோன் எடுப்பான். தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிற குடும்பத்துக்கு உறுதிப்பத்திரம் ஏது? தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் வீடும் நிலமும் தோட்டத்தின் பெயரில். பிணை வைக்க ஒன்றுமில்லை. ஆகவே முனிதாசவைப் பற்றி எழுதுகிறவர்கள் தரும் "துணிந்து இறங்கு" என்ற புத்தி உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் சேமிப்பு, அல்லது ஒரு கூட்டாளி. கூட்டாளி சொந்தக்காரராக இருந்தாலும் லோயரிடம் போய் எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டது, இலாபம் எப்படிப் பிரியும், விலகினால் கடைப் பெயர் யாருக்கு என்ற மூன்றும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். சமைக்கிறவரின் உழைப்புக்குப் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. 1,000 ரூபாய்க்கு விற்கிற ஒரு தட்டில் பொருட்செலவு 300-350 ரூபாய்க்குள் நிற்க வேண்டும். சம்பளத்துக்கு 200-250. வாடகை 100-ஐத் தாண்டினால் கடை மூச்சுத் திணறும். கேஸ், கரண்ட், தண்ணீர், கார்டு மெஷின் கழிவு, உடைகிற பீங்கான் எல்லாம் சேர்த்து இன்னொரு 100-150. மிச்சம் நூற்றைம்பதிலிருந்து முந்நூறு வரை. அதிலிருந்துதான் வரி, கடன், பழுதுபார்ப்பு, உங்கள் வீட்டுச் செலவு. இதில் முதலில் கோட்டை விடுகிற இடம் பொருட்செலவு. சந்தையில் கிலோ 2,000 என்று மீன் வாங்கி, தலை, முள், தோல் நீக்கியபின் அரைக் கிலோ சதை வந்தால், உங்கள் மீனின் விலை 4,000. லீக்ஸிலும் கோவாவிலும் கழிவு எவ்வளவு போகிறது என்று நிறுத்துப் பாருங்கள். இந்தக் கழிவுக் கணக்கை எழுதி வைத்திருக்கிற செஃப்தான் முதலாளி ஆகத் தகுதியானவர்.

மலைநாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஓடுகிற கடை மழை மாதங்களில் ஈயோட்டும். அதற்கு மேல் அடிகளும் வரும். 2019 ஈஸ்டர் தாக்குதல், 2020 கொரோனா, 2022-ல் கேஸ் வரிசையும் கரண்ட் வெட்டும், 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும். ஆறேழு வருடத்துக்குள் இத்தனை. மூன்று மாத வாடகையும் சம்பளமும் வங்கியில் தொடாமல் இருந்தால்தான் கடையைத் திறக்கலாம் என்பது என் கறாரான கருத்து. அது சேரவில்லையென்றால் இன்னொரு வருடம் வேலை செய்யுங்கள்.

பதிவு வேலைகள் சிக்கலானவை அல்ல. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர், பிரதேச சபையிலோ நகர சபையிலோ வருடாந்த அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, உல்லாசப் பயணிகளை எதிர்பார்த்தால் சுற்றுலா அதிகார சபையிலும் பதிவு.

இனி உங்கள் நாக்கு படித்த பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தோட்டத்துச் சாப்பாடு. கோதுமை மா ரொட்டி, தேங்காய் ரொட்டி, அம்மியில் அரைத்த கொச்சிக்காய்ச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, மழைக்குப் பின் பறிக்கிற காளான், வல்லாரை, பலாக்கொட்டை, மரவள்ளி. தமிழ்நாட்டிலிருந்து வந்த ரசமும் சாம்பாரும் ஒரு பக்கம், கண்டிக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்த மாசிக் கருவாடும் ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் மறு பக்கம். இந்தக் கலவை வேறெங்கும் இல்லை. இதற்குள் நம் வரலாறும் இருக்கிறது. தோட்டத்தில் அரிசியும் மாவும் சம்பளக் கணக்கில் கழித்துக் கொடுத்த காலத்தில்தான் ரொட்டி நம் மூன்று வேளைச் சாப்பாடாகியது. 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். இந்தச் சாப்பாட்டை ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

மலைநாட்டு எல்ல ஊருக்கு ரயிலேறி வருகிற வெளிநாட்டுக்காரர் கொழுந்தெடுக்கிற அம்மாவைப் படமெடுக்கிறார். அந்த அம்மா துணியில் கட்டிக்கொண்டு போகிற ரொட்டியையும் சம்பலையும் அவர் தங்குகிற ஹோட்டலின் மெனுவில் நான் கண்டது மிக அரிது. அங்கே பிட்ஸா கிடைக்கும், பாஸ்தா கிடைக்கும். லண்டனில் 2015-ல் திறந்த ஹொப்பர்ஸ் என்ற ரெஸ்டோரண்ட் அப்பத்தையும் கொத்து ரொட்டியையும் வைத்துக்கொண்டு வரிசையில் ஆட்களை நிற்க வைத்தது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த சிந்தியா சண்முகலிங்கம் 2023-ல் பரோ மார்க்கெட்டில் ரம்புட்டான் என்ற ரெஸ்டோரண்டைத் திறந்தார். வீட்டுச் சமையல்தான் அதன் அடிப்படை. அங்கே காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் இங்கே பயணியாக வருகிறார்கள்.

முனிதாச நண்டில் செய்ததை நீங்கள் இதில் செய்யலாம். மெனுவைச் சின்னதாக வையுங்கள். ரொட்டியை ஓர்டர் வந்தபின் தட்டிச் சுடுங்கள், முன்கூட்டிச் சுட்டு அடுக்காதீர்கள். சம்பலைக் கல்லில்தான் அரைக்க வேண்டும், மெஷினில் அரைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மரக்கறியைக் கெப்பட்டிப்பொலையிலோ நுவரெலியாவிலோ பொருளாதார மத்திய நிலையத்தில் காலையிலேயே எடுங்கள். மாத்தளை மிளகும் ஏலமும், கித்துல் பாணியும், அம்பேவலைப் பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சமைக்கத் தோட்டத்து அம்மாமாரை எடுங்கள், நியமனக் கடிதமும் ஈ.பி.எஃப்.-உம் கொடுத்து. அவர்கள் கைப்பக்குவத்தை விற்றுவிட்டு அவர்களை நாட்கூலியில் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வீடியோ போடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போடுங்கள், தப்பில்லை. சென்னைத் தொலைக்காட்சியில் செஃப் தாமுவையும் வெங்கடேஷ் பட்டையும் பார்த்துத்தான் நம் வீடுகளில் செஃப் என்கிற வேலைக்கு மதிப்பு வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் கமெராவுக்கு முன் வருமுன்னே ஹோட்டல் தொழிலில் ஊறியவர்கள். கொழும்பில் செஃப்ஸ் கில்ட் என்ற செஃப்மார் சங்கம் நடத்துகிற கலினரி ஆர்ட் (சமையற்கலை) போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள். அங்கே வாங்குகிற ஒரு மெடல் வேலை தேடும்போது ஆயிரம் லைக்கை விட உதவும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பண்டாரவளைக் கிளைக்கு நேரில் போய் அடுத்த பாடநெறிக்கு விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள். அதுவரை பேச்சுச் சிங்கள வகுப்பு ஒன்றில் சேருங்கள். அம்மாவிடம் சம்பலுக்குக் கொச்சிக்காய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்டு, கையளவில் சொல்வதைத் தராசில் நிறுத்து எழுதத் தொடங்குங்கள். அம்மாவையும் ஒரு நாள் ஸ்கூலுக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சிக் கிச்சனைக் காட்டுங்கள், கேட்டால் அனுமதிப்பார்கள்.